விசிறி மட்டும் போதாது
மாட்டுக் கொட்டகையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி வைத்தால் அமோனியா நெடி தீர்ந்துவிடும் என்கிறது, மாடு வளர்ப்பு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. அது எப்படித் தீரும்? சென்னை மாதவரம் மாதிரி வீடுகள் நெருங்கிய இடத்தில் நெடி பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும், அவ்வளவுதான். மாட்டு மூத்திரத்தில் உள்ள யூரியாவை, சாணத்தில் இருக்கும் யூரியேஸ் நொதி உடைப்பதால்தான் அமோனியா வருகிறது. இரண்டும் தரையில் கலந்து தேங்காமல் பார்க்க வேண்டும். புழல் பக்கம் எங்கள் கொட்டகையில் தரையைச் சரிவாகப் பூசி, மூத்திரம் உடனே ஓட வாய்க்கால் விட்டோம்; சாணத்தையும் போட்ட கையோடு வாரிவிடுகிறோம். கண் எரிச்சல் நன்றாகவே குறைந்தது. (அடைமழை நாட்களில் மட்டும் கொஞ்சம் திண்டாட்டம்.) அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், கொட்டகை கழுவிய தண்ணீரைத் தெளிப்பான் வைத்துத் தீவனப்புல்லுக்கு அடிக்கலாம் என்கிறார். அப்படி அடித்தால் புல்லுக்குச் சேரவேண்டிய தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றோடு போய்விடும். சொட்டுநீர்க் குழாயில் விட்டாலோ சாணத்துகள் அடைத்துக்கொள்ளும். நாங்கள் வெயில் தாழ்ந்த பிறகு கம்பு நேப்பியர் தீவனப்புல் பாத்திக்கு நேராகப் பாய்ச்சுகிறோம். அப்புறம், சென்னைப் புழுக்கத்துக்கு விசிறி கட்டாயம் வேண்டும், ஆனால் மாட்டின் சூட்டைத் தணிக்க.