பஞ்சாப் நெல்: மேலே போகும் தண்ணீர்தான் திரும்பி வராதது

பஞ்சாப் நெல் என்றதும் "ஒரு கிலோ அரிசிக்கு இத்தனை ஆயிரம் லிட்டர்" என்ற எண்ணைத்தான் எல்லோரும் தூக்கிப் போடுகிறார்கள். அந்த எண் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. அதை நம்பித் தீர்வு தேடினால் தப்பான இடத்தில்தான் தேடுவோம். கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் பார்க்கலாம்.

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. தண்ணீர் நின்றால் 10,000 லிட்டர். பஞ்சாபில் ஒரு நெல் போகத்துக்கு, மழையையும் பாசனத்தையும் சேர்த்து, மண்ணைப் பொறுத்து 1,500 முதல் 2,000 மி.மீ. வரை போகிறது. அங்கே ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையே சராசரியாக 600 மி.மீ.தான். வயலுக்குள் போனதில் 600, 700 மி.மீ. பயிர் வழியாகவும் நீர்ப்பரப்பிலிருந்தும் ஆவியாகிறது. மீதியில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. நிலத்தடி நீர் நன்னீராக இருக்கும் மத்திய மாவட்டங்களில் அப்படி இறங்கியது மெல்ல மெல்லத் திரும்ப ஊற்றில் சேரும். மோட்டாரை ஓட்டிய மின்சாரமும் மண்ணிலிருந்து கரைந்துபோன உரமும்தான் அதில் நஷ்டம். ஆவியாகிப் போனதோ போனதுதான். நீர்மட்டத்தை ஆண்டுதோறும் கீழே தள்ளுவது அந்தப் பங்கு.

இந்த மண்ணில் நெல் இவ்வளவு பரவியது சமீபத்தில்தான். 1960-61இல் பஞ்சாபின் நெல் பரப்பு சுமார் 2.27 லட்சம் ஹெக்டேர். இன்று 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதற்கு விவசாயியின் பேராசையைக் காரணம் சொல்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 1965இல் இந்திய உணவுக் கழகம் வந்தது, அடுத்த ஆண்டே அதிக விளைச்சல் தரும் ஐஆர் 8 நெல் ரகம் வந்தது. நெல்லையும் கோதுமையையும் அறிவித்த விலைக்கு அரசே எடுத்துக்கொண்டது. 1997இல் பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரமும் சேர்ந்தது. விலையும் உறுதி, தண்ணீருக்கும் செலவில்லை என்றால் எந்த விவசாயியும் நெல்தான் போடுவார். ரொட்டி சாப்பிடும் மாநிலம் பிற மாநிலங்களின் ரேஷன் கடைகளுக்கு அரிசி விளைவித்தது இப்படித்தான்.

நீர்மட்டம் இறங்கியபோது முதலில் அடி வாங்கியது சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்ப். உறிஞ்சி இழுக்கும் பம்ப் எதுவானாலும் நடைமுறையில் 7, 8 மீட்டருக்குக் கீழே இருந்து தண்ணீரைத் தூக்காது. காற்றழுத்தம் விதிக்கும் எல்லை அது. எனவே குழி தோண்டி, பம்பைக் குழிக்குள் இறக்கினார்கள். அதற்கும் எட்டாமல் போனதும் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறினார்கள். ஆழ்துளை, கேபிள், அதிகக் குதிரைத்திறன் எல்லாமே கடன். சிறு விவசாயியின் முதுகில்தான் அந்தச் சுமை முதலில் ஏறியது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீட்டில், ஓராண்டில் எடுக்கத்தக்க அளவு 100 என்றால் பஞ்சாப் எடுப்பது 150க்கு மேல்.

ஆவியாவதைக் குறைக்க முதல் வழி நாட்காட்டி. மே மாத வெயிலில், வறண்ட காற்றில், தேங்கிய நீரிலிருந்து நாளுக்கு 10 மி.மீ. வரை போய்விடும். பருவமழை வந்து காற்றில் ஈரம் ஏறியதும் அது ஏறக்குறைய பாதியாகும். 2009இல் வந்த நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்றது. மீறினால் ஹெக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் அபராதம், பயிரையும் அழிக்கலாம். நல்ல சட்டம். ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும் என்பதற்கு ஏற்பாடு செய்யவில்லை. விதைத்ததிலிருந்து 155, 160 நாள் எடுக்கும் பூசா 44 என்ற நெல் ரகத்தையே தொடர்ந்து போட்டதால், அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு, மூன்று வாரம்தான் மிஞ்சியது. வயலைச் சீக்கிரம் காலி செய்ய, அறுத்தபின் நிற்கும் நெல் தாளுக்கு நெருப்பு வைத்தார்கள்.

123 நாளில் முற்றும் பிஆர் 126 ரகம், தண்ணீர், தாள் எரிப்பு என்ற இரண்டு சிக்கலையும் சேர்த்துத் தணிக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: 25 முதல் 30 நாள் நாற்றாகவே நட்டுவிட வேண்டும். கிழட்டு நாற்றை நட்டால் தூர் கட்டுவதற்குள் (பக்கக் கிளை விடுவதற்குள்) கதிர் வந்து விளைச்சல் விழும். பிறகு பழி ரகத்தின் மேல் விழும்.

வயலைக் கொஞ்சம் காயவிட்டுப் பிறகு பாய்ச்சும் "காய்ச்சலும் பாய்ச்சலும்" முறையைப் பலர் மேடையில் சொல்கிறார்கள், குழாயை எப்படிப் பதிப்பது என்று சொல்வதில்லை. 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாய். அடிப்பாதியில் சுற்றிலும் துளைகள். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. உள்ளே இருக்கும் மண்ணை முழுக்க வாரி எடுக்காவிட்டால் அளவு பொய் சொல்லும். நட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம். குழாய்க்குள் நீர் தரைக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பின் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை காயவிடக் கூடாது, பதர் கூடிவிடும்.

இந்த முறை பாசனத்தில் 30 சதவீதம் வரை மிச்சப்படுத்தும். மின்சாரம் மிச்சம், மீத்தேன் குறையும், எல்லாம் சரி. ஆனால் அந்த மிச்சத்தில் பெரும்பங்கு, எப்படியும் கீழே இறங்கியிருக்கும் தண்ணீர். எனவே நீர்மட்டம் அதே 30 சதவீதம் மீளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தென்மேற்கில் முக்த்சர், ஃபாசில்கா பக்கம் கதை வேறு. அங்கே நிலத்தடியில் உப்பு நீர் இருப்பதால் கீழே இறங்கும் கால்வாய் நீரும் கெட்டுப்போகிறது. இந்த முறைக்கு முழு மதிப்பு அங்கேதான்.

நாற்று நடாமல் விதையை நேரே வயலில் போடும் நேரடி விதைப்புக்கும் மண் பார்க்க வேண்டும். சேற்றுழவே இல்லாததால் தொடக்கத் தண்ணீர் மிச்சம். மண்ணில் போதிய ஈரம் இருக்கும்போது விதைத்தால் முதல் பாசனத்தை 21 நாள் வரை தள்ளலாம். மணல் நிலத்திலோ இரும்புச்சத்துக் குறைந்து இளம் இலைகள் வெளுக்கும். விதைத்த உடனே களைக்கொல்லி அடிக்கத் தவறினால் களை பயிரை மூடிவிடும்.

ஆஸ்திரேலியாவின் ரிவரினாவும் வறண்ட பகுதிதான், அங்கேயும் நெல் உண்டு. களிமண் என்று சோதித்த நிலத்தில்தான் போடுகிறார்கள். அணையில் நீர் இல்லாத ஆண்டு போடுவதில்லை. கடும் வறட்சியின்போது, 2008இல், அந்த நாட்டின் மொத்த நெல் விளைச்சல் 20,000 டன்னைக்கூடத் தொடவில்லை. பஞ்சாப் விவசாயியால் அப்படி ஒரு போகத்தை விட முடியாது. மக்காச்சோளத்துக்கும் பருப்புக்கும் விலை அறிவிக்கிறார்கள், மண்டியில் அந்த விலைக்கு எடுக்க ஆளில்லை. 2018இல் கொண்டுவந்த திட்டத்தில், மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் விவசாயிக்கு 4 ரூபாய் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை நெல்லை விட்ட ஏக்கருக்குக் கொடுங்கள், மக்காச்சோளத்தை நெல்லைப் போலவே மண்டியில் நின்று எடுங்கள். சங்ரூர், பர்னாலா, மோகா மாவட்டங்களில் தொடங்குங்கள். நீண்ட நாள் ரகமும் வேகமாக இறங்கும் நீர்மட்டமும் சேர்ந்திருப்பது அங்கேதான்.