வாக்குத்தத்த அட்டையில் வராத சங்கீதங்கள்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு தட்டு சுற்றி வரும். உள்ளே குட்டி குட்டி அட்டைகள், கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும், அதுதான் அந்த வருஷத்துக்கு நமக்கான வாக்குத்தத்தம். எடுத்த கையோடு பக்கத்தில் இருப்பவரின் அட்டையையும் எட்டிப் பார்ப்போம், அவருக்கு நம்மைவிட நல்லது வந்துவிட்டதா என்று! அதில் பெரும்பாலும் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் உள்ள வசனங்கள்தான். 23, 91, 121-ஆம் சங்கீதங்கள், அப்புறம் "அவர் உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார்" என்ற 37:4. நானும் எடுக்கிறவன்தான், பர்ஸில் வைத்துக்கொள்கிறவன்தான். அதில் தப்பு என்று சொல்ல வரவில்லை.

ஆனால் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்ற அட்டை இதுவரை யாருக்காவது வந்திருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை. வந்தால் அந்த வருஷம் முழுக்க அவர் தூங்க மாட்டார், அட்டை அச்சடித்தவருக்கும் நல்ல பேச்சு கிடைக்கும். இத்தனைக்கும் சங்கீதப் புத்தகத்தை வகை பிரித்துப் பார்த்தவர்கள் சொல்வது, அந்த 150-இல் மற்ற எந்த வகையையும்விட முறையீடும் புலம்பலும்தான் அதிகம் என்று. அதாவது நாம் ஆறுதலுக்கு ஓடிப் போகிற புத்தகத்தில் பெரிய பங்கு அழுகை. அந்தப் பக்கங்களைத் தாண்டித் தாண்டி, நல்ல வசனமாகப் பொறுக்கி எடுத்துக் காலண்டரில் போட்டுவிட்டு, விசுவாசம் என்றால் இதுதான் என்று நமக்கு நாமே முடிவு செய்துகொண்டோம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்டுவிடுகிறார் தாவீது. எதுவரைக்கும் மறப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர், எதுவரைக்கும் எனக்குள்ளேயே யோசித்துக்கொண்டு கிடப்பேன், எதுவரைக்கும் என் சத்துரு என்மேல் தன்னை உயர்த்துவான். கடன்காரனிடம் கேட்கிற தொனி. அப்புறம் ஐந்தாம் வசனத்தில் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்", ஆறாவதில் "அவரைப் பாடுவேன்". நடுவில் என்ன நடந்தது? சத்துரு செத்தானா, பிரச்சினை தீர்ந்ததா? ஒரு தகவலும் இல்லை. நிலைமை அப்படியே இருக்கிறது, கேட்டவர் மட்டும் ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கேட்காமலே நேராக ஆறாம் வசனத்துக்கு வந்திருக்க முடியுமா என்பதுதான் என் சந்தேகம்.

இன்னொன்று. துதி ஆராதனை நடத்துகிற எல்லாரும் மைக் பிடித்ததும் சொல்கிற ஒரு வசனம் உண்டு, தேவன் துதிகளுக்குள் வாசம் பண்ணுகிறவர் என்று. கீபோர்டு மெதுவாக ஏறும், எல்லாரும் கையை உயர்த்துவார்கள். நல்ல வசனம். எங்கே இருக்கிறது என்று திறந்து பார்த்தால் 22-ஆம் சங்கீதம், மூன்றாம் வசனம்: "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்." அதே சங்கீதத்தின் முதல் வசனம் எது? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" இரண்டாவது வசனமோ, பகலிலும் கூப்பிடுகிறேன் பதில் இல்லை, இரவிலும் அமைதல் இல்லை என்கிறது. துதிகளுக்குள் வாசமாயிருக்கிறவர் என்று சொன்ன வாய், இரண்டு மூச்சுக்கு முன்னால் ஏன் விட்டுவிட்டீர் என்று கதறிய வாய்தான். நாம் மூன்றாம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து ஸ்லைடில் போட்டுவிட்டோம்.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. நாலாம் வார்த்தை இதே "ஏன் என்னைக் கைவிட்டீர்", 22-ஆம் சங்கீதம். ஏழாம் வார்த்தை, "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்", 31-ஆம் சங்கீதத்தில் இருப்பது. சாகிற நேரத்தில் இயேசு சொந்தமாகப் புது ஜெபம் தேடவில்லை, மனப்பாடமாக இருந்ததுதான் வாயில் வந்தது. அதில் ஒன்று கேள்வி, ஒன்று ஒப்புக்கொடுத்தல். அவரே கேட்ட கேள்வியை நாம் கேட்டால் மட்டும் "விசுவாசக் குறைவு" ஆகிவிடுமா?

இதை நான் சும்மா வேதபாடமாகச் சொல்லவில்லை. எங்கள் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், ஒரு விபத்தில் போனான். அடக்க ஆராதனை முடிந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஜெபிக்க ஒரு கூட்டம் வந்தது. நல்ல மனுஷிகள்தான், சாப்பாடு எல்லாம் கொண்டு வந்தார்கள். அதில் ஒருவர் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அழக் கூடாது. நாலு பேருக்கு நாம சாட்சியா இருக்கணும். ஸ்தோத்திரம் மட்டும் சொல்லுங்க" என்றார். பெரியம்மா பாயில் உட்கார்ந்து முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "லே, அந்த வேதத்த எடு. எம்பத்தெட்டு வாசி" என்றாள். எனக்குப் பழக்க தோஷம், கை பாதுகாப்புச் சங்கீதமான 91-க்குப் போய்விட்டது. "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்" என்று ஆரம்பித்ததும், "அது இல்லல. எம்பத்தெட்டு" என்று மறுபடி சொன்னாள்.

அதுவரை 88-ஐ நான் உரக்க வாசித்ததே இல்லை. எஸ்ராகியனான ஏமான் பாடியது என்று தலைப்பில் இருக்கிறது. குழி, பாதாளம், இருள் என்று போய்க்கொண்டே இருக்கும். மற்ற புலம்பல்களில் கடைசியில் "ஆனாலும்" என்று ஒரு திருப்பம் வருமே, அதை எதிர்பார்த்துக்கொண்டே வாசித்தேன். "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்." அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அடுத்து 89. நான் இன்னும் ஏதாவது இருக்குமா என்று கண்ணை ஓட்டினேன். பெரியம்மா, "சரி, மூடு. இன்னைக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய், மத்தியானம் தொடாத கஞ்சியைக் கொஞ்சம் குடித்தாள். அப்புறம்தான் சத்தம் போட்டு அழுதாள்.

ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னவர்களால் செய்ய முடியாததை, ஒரு ஆமென்கூட இல்லாமல் முடிகிற அந்தச் சங்கீதம் செய்தது. பிறகு நிதானமாக வாசித்தபோதுதான் அதன் முதல் வரி கண்ணில் பட்டது: "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்." முழு இருட்டையும் ஏமான் யாரிடம் கொட்டுகிறார்? அந்தக் கர்த்தரிடமே. கோபித்துக்கொண்டு வேறு வாசலுக்குப் போகவில்லை. இதுதான் விசுவாசம் இல்லையென்றால் வேறு எது விசுவாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

91-ஐப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திட்டு வரப் போவது அதற்குத்தான். கொரோனா சமயத்தில் அது வராத வாட்ஸ்அப் குரூப் இல்லை. கதவில் ஒட்டினார்கள், மூன்று வேளை வாசித்தார்கள். நானும் வாசித்தேன், பயத்தில் அது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் வனாந்தரச் சோதனையில் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, "தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள்" என்று பிசாசு எடுத்துவிட்டது இதே 91-இல் இருந்துதான். வசனம் சரி, பயன்படுத்திய விதம் தப்பு. வாசித்தும் செத்துப்போனவர்களின் வீட்டில் போய் "முழு விசுவாசத்தோடு வாசித்தீங்களா?" என்று கேட்ட ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சோதனை வருகிற மத்தேயு 4-ஐப் பரிந்துரைக்கிறேன்.

எதிரிகளைச் சபிக்கிற சாபச் சங்கீதங்கள் தனிக் கதை. 137 "பாபிலோன் ஆறுகள் அருகே" என்று மனதை உருக்குகிற மாதிரி ஆரம்பித்து, பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதுவதில் போய் முடியும். அதைப் பிரசங்க மேடையில் யாரும் தொடுவதில்லை, நானும் இங்கே தீர்ப்பு சொல்லப் போவதில்லை. ஊர் எரிந்து, அடிமையாக இழுத்துப் போகப்பட்டவர்களின் ஆத்திரம் அது, போய்ச் சேர்ந்தது தேவனுடைய காதுக்கு என்பது வரை எனக்குப் புரிகிறது. "109-ஐ வாசிச்சு விட்டுருவேன் பாத்துக்கோ" என்று பங்காளியை மிரட்டுகிற விசுவாசிகளை நானே கேட்டிருக்கிறேன். அவர்கள் வேறு ரகம்.

சரி, துதி எங்கே, நம்பிக்கை எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறைய இருக்கிறது. 146 முதல் 150 வரை ஐந்தும் அல்லேலூயாவில் ஆரம்பித்து அல்லேலூயாவில் முடிகிறவை. 150-இல் எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, யாழ், தீங்குழல், கைத்தாளம், பேரோசைக் கைத்தாளம் என்று கச்சேரியே நடக்கிறது. அது புத்தகத்தின் கடைசியில் இருப்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 13, 22, 88, 137 எல்லாவற்றையும் கடந்து வந்தவர்கள் தட்டுகிற கைத்தாளம் அது. அழுது முடிக்காதவனைப் பிடித்து நேராக 150-இல் நிறுத்தி "கைதட்டு" என்றால் அவன் தட்டுவான், மரியாதைக்கு. சபைகளில் அப்படித் தட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று போதகர்கள் ஒரு ஞாயிறு முகங்களைப் பார்த்தாலே தெரியும்.

நம்பிக்கைக்கு எனக்கு 130 தான். "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று ஆரம்பித்து, விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைவிட அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது என்கிறது. இரவுக் காவல் வேலை பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாலு மணி எவ்வளவு நீளம் என்று சொல்வார்கள், ஆனால் விடியாமல் போய்விடுமோ என்று யாரும் பயப்படுவதில்லை. மணியைச் சீக்கிரம் ஓட வைக்கவும் அவர்களால் ஆகாது.

நடைமுறையில் என்ன செய்வது என்றால், பழையவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆங்கிலிக்கன் பொது ஜெப புத்தகத்தில் 150 சங்கீதத்தையும் 30 நாளுக்கு, காலை மாலை என்று பங்கு போட்டிருக்கும். துறவி பெனடிக்டின் ஒழுங்குப்படி வாழ்ந்த மடங்களில் ஒரே வாரத்தில் முழுதும் பாடி முடிப்பார்கள். கத்தோலிக்கர்கள் இன்றும் திருப்பலியில் தினமும் சங்கீதத்தைப் பதிலுரைப் பாடலாகச் சொல்கிறார்கள். இந்த 30 நாள் முறையில் எனக்குப் பிடித்தது, பிடித்த வசனத்தைப் பொறுக்க வழியே இல்லை என்பது. 86, 87, 88 மூன்றும் 17-ஆம் தேதி காலைக்கு வரும். அன்றைக்கு உங்கள் வீட்டில் கல்யாணமாக இருந்தாலும் 88-ஐ வாசித்தே ஆக வேண்டும். நமக்குத் தேவைப்படாத நாளில், அது தேவைப்படுகிற யாருக்காகவோ வாசிக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளலாம். 18-ஆம் தேதி காலை 90, 91, 92 வந்துவிடும், கவலை வேண்டாம்.

நான் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன், நடு நடுவே விட்டும் போகிறது. "பிரதர், ஏன் இவ்வளவு நெகட்டிவா எழுதறீங்க" என்று கமெண்ட் போட வருபவர்கள், முதலில் 88-ஐ முழுதாக ஒரு தடவை சத்தமாக வாசித்துவிட்டு வாருங்கள். பதினெட்டே வசனம்தான். அப்புறம் பேசுவோம்.