உலக்கை நின்ற காலை

கிரகணச் சடங்குகளைப் பற்றிய ஒரு கட்டுரையை, அறிவியல் படித்தவர் வீட்டில் சடங்குகளுக்கு இடமே இருக்கக் கூடாது என்று அதன் ஆசிரியர் முடித்திருப்பதை, முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்திய என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை.

2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல்லில் கங்கண சூரிய கிரகணம், அதாவது நிலவு நடுவை மறைக்கச் சூரியனின் விளிம்பு மட்டும் வளையமாகத் தெரியும் கிரகணம், தெரிந்தது. அரையாண்டு விடுமுறையிலும் வந்திருந்த மாணவர்களுடன் வடிகட்டிக் கண்ணாடி அணிந்து மாடியில் நின்றேன். காலை ஒன்பதரை மணியளவில் சுமார் 3 நிமிடங்கள் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. கீழே வேப்பமர நிழலில், இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாகி, முற்றமெங்கும் சிறு சிறு ஒளி வளையங்களைக் கோலம்போல் இறைத்திருந்தன. அந்தக் காட்சியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அதே வேளையில் என் தாயார் மாவுப் பாத்திரத்தில் தர்ப்பை போட்டுவிட்டு, தாம்பாளத்து நீரில் உலக்கையை நிறுத்தியிருந்தார்; கிரகண நேரத்தில் மட்டுமே அது நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. மறுநாள் அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் நிறுத்திக் காட்டி, அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் எந்நாளும் நிற்கும் என்று விளக்கினேன். "சரிப்பா, நின்னா நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனார். கிரகணம் விட்டபின் தலைமுழுகி விளக்கேற்றும் அவர் வழக்கத்தால் எவருக்கும் கேடில்லை. அதைத் தடுக்க எனக்கு மனம் வந்ததுமில்லை.

ஆனால் அன்று அண்டை வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணை மூன்று மணி நேரம் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இருட்டறையில் அமர்த்தியிருந்தார்கள். அங்கே நான் உறுதியாகப் பேசியிருக்க வேண்டும். பேசாமல் இருந்துவிட்டது இன்றுவரை உறுத்துகிறது. 2031 மே 21 அன்று தென் தமிழகத்தில் மீண்டும் கங்கண கிரகணம் தெரியும்போது, முதலில் அத்தகைய வீடுகளுக்குத்தான் செல்வேன்.