தாத்தாவும் தார் போட்டவர்தான்

ஒற்றை லாரியோடு தொடங்கி, இன்று மூன்றாம் தலைமுறை நடத்தும் சாலைபோடும் நிறுவனத்தின் கதையை உங்கள் கட்டுரையில் படித்ததும் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. பொதுப்பணித் துறையில் கூலியாக இருந்தவர். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, காய்ச்சிய தாரை ஜல்லிமேல் ஊற்றுவாராம். இப்போது ஆலையிலிருந்து சுமார் 150 டிகிரி சூட்டில் கலவை வருகிறது. ஆறுவதற்குள் பரப்பி ரோலர் ஓட்டியாக வேண்டும், இல்லையென்றால் சரியாக இறுகாது.

கட்டுரையில் ஒன்று விடுபட்டிருக்கிறது. 1825 முதல் இங்கே சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள்தான் இந்தத் தீவின் ஆரம்பகாலச் சாலைகள் பலவற்றைப் போட்டார்கள், 1873 வரைக்கும். அதையும் எழுதுங்கள். முதலாளி குடும்பத்தோடு, நள்ளிரவில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் ரோலருக்குப் பின்னால் நடக்கும் தம்பிகளிடமும் பேசுங்கள் ஐயா.