போன் உங்களுடையது, உள்ளே இருப்பவர்கள் நாங்கள்

"என் போனில் மறைக்க என்ன இருக்கிறது? யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்." திரைப் பூட்டு போடச் சொன்னால் நண்பர்கள் பலர் தரும் பதில் இது. கேட்கப் பெருந்தன்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் போனில் என் எண்ணும் இருக்கிறது. உங்கள் அக்காள் மகள் பள்ளிச் சீருடையில் நிற்கும் படம் இருக்கிறது. மனம் உடைந்த தோழி ஒருத்தி நள்ளிரவில் உங்களை நம்பி அனுப்பிய குரல் பதிவு இருக்கிறது. இதையெல்லாம் திறந்துபோட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?

செல்போன் பாதுகாப்பு என்றாலே பேச்சு கதிர்வீச்சுக்குத் தாவிவிடுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகளை 2011இல் '2பி' பிரிவில் சேர்த்தது உண்மை. புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம், ஆனால் சான்றுகள் குறைவு என்பவற்றுக்கான பிரிவு அது. கவலையாக இருந்தால் இயர்போனில் பேசுங்கள், அவ்வளவுதான். கதிர்வீச்சின் கொடுமையை அரை மணி நேரம் விளக்குகிறவர் வண்டி ஓட்டிக்கொண்டே அதை விளக்குவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. வந்த செய்தியை மூன்று நொடி குனிந்து படித்தால், 50 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறீர்கள். போன் பயன்படுத்தும் ஓட்டுநர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார அமைப்பு. புளூடூத்தில் பேசுவதும் பெரிய பாதுகாப்பு இல்லை என்பதையும் அது சேர்த்தே சொல்கிறது. கை சும்மா இருந்தாலும் கவனம் பேச்சில்தானே இருக்கிறது? இதில் அழைப்பவருக்கும் பங்குண்டு. எதிர்முனையில் ஹாரன் சத்தம் கேட்டபிறகும் "ஒரு நிமிடம்தான், சொல்லிவிடுகிறேன்" என்று தொடர்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். அவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவார்.

பண மோசடிக்கு வருவோம். "தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு குறியீடு வந்துவிட்டது, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வரும். அந்த ஆறு இலக்கத்தைச் சொன்ன கணத்தில் உங்கள் வாட்ஸ்அப் கணக்கு கைமாறிவிடும். அதோடு நின்றால் பரவாயில்லை. அடுத்ததாக உங்கள் பெயரில் உங்கள் சித்தப்பாவுக்கும் பழைய வகுப்புத் தோழனுக்கும் "அவசரம், பணம் அனுப்புங்கள்" என்று செய்தி போகும். உங்கள்மேல் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கைதான் திருடனின் முதலீடு. வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸ் பகுதியில் இரட்டைச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது, அதை இன்றே இயக்குங்கள். அதற்கான பின் எண்ணையும் எவரிடமும் சொல்லாதீர்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று: சிம் கார்டுக்குத் தனியாகப் பின் எண் வைக்கலாம். போனை எவ்வளவு பூட்டி வைத்திருந்தாலும், திருடியவன் சிம்மைக் கழற்றி வேறொரு போனில் போட்டால் ஓ.டி.பி. எல்லாம் அங்கே போய்விடும். பின் எண் இருந்தால் மூன்று முறை தவறியதும் சிம் பூட்டிக்கொள்ளும், திறக்க எட்டு இலக்க பி.யு.கே. எண் வேண்டும். ஒரே எச்சரிக்கை, நீங்களே மறந்துவிட்டு விளையாட்டாக எதையாவது தட்டாதீர்கள். பி.யு.கே. எண்ணைப் பத்து முறை தவறாகப் போட்டால் அந்த சிம் அதோடு முடிந்தது. பூட்டிய திரையிலேயே ஓ.டி.பி. தெரியும்படி வைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

டார்ச் செயலி ஒன்று தொடர்பு எண்களைக் கேட்கிறது. விளக்கு எரிய என் எண் எதற்கு? யோசிக்காமல் 'அனுமதி'யைத் தட்டும்போது தட்டியவரின் விவரம் மட்டுமா போகிறது, பட்டியலில் இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களின் எண்களும் போகின்றன. அவர்களில் ஒருவரிடமும் நீங்கள் கேட்கவில்லை.

ஃபார்வர்டு பற்றிச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. 2019இல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் உலகம் முழுக்கக் கட்டுப்பாடு வைத்தது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு 2020இல் அதை ஒரே ஓர் உரையாடலாகக் குறைத்தது. நம் விரலுக்கு ஒரு நிறுவனம் கடிவாளம் போட வேண்டியிருந்தது என்பது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. அதைவிட மோசம், தனி உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடுவது. உங்களுக்கு மட்டும் என்று ஒருவர் எழுதியதை ஊருக்கு வாசித்துக் காட்டுகிற வேலைதான் அது.

யாராவது உங்களிடம் என் எண்ணைக் கேட்டால், "கேட்டுவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். கேட்டவர் முகம் சற்றுச் சுருங்கும். சுருங்கட்டும், எனக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்டபிறகு கொடுங்கள்.