பட்டா ஒருவர் பெயரில், சாவி இன்னொருவர் கையில்

பாசிசத்துக்கும் தனியார் தொழிலுக்கும் என்ன உறவு என்ற பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். கட்சிப் பெயரிலேயே சோசலிசம் இருந்ததால் நாஜிகள் இடதுசாரிகள் என்கிறது ஒரு தரப்பு. ஹிட்லர் முதலாளிகளின் கைப்பாவை என்கிறது மறுதரப்பு. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

1933 பிப்ரவரி 20 அன்று பெர்லினில், ஹிட்லரின் நெருங்கிய சகாவான நாஜித் தலைவர் கோரிங்கின் அரசு இல்லத்தில், இருபதுக்கும் மேற்பட்ட பெருந்தொழிலதிபர்கள் கூடினார்கள். ஜனநாயகக் காலத்தில் தனியார் தொழில் நிலைத்திருக்க முடியாது என்று ஹிட்லர் அவர்களிடம் பேசினார். வரப்போகும் தேர்தலே பத்தாண்டுகளுக்கு, அநேகமாக நூறாண்டுகளுக்குக் கடைசித் தேர்தலாக இருக்கும் என்றார் கோரிங். எஃகு, ஆயுத ஆலைகளின் அதிபர் குருப் எழுந்து நன்றி சொன்னார். ஹிட்லரை ஆதரித்த வங்கியாளர் ஷாக்ட் தேர்தல் நிதி கேட்டார். 30 லட்சம் மார்க் அளவுக்குத் தொகை ஒப்புக்கொள்ளப்பட்டது. ஓட்டுரிமை பறிபோகும் என்று காதாரக் கேட்ட பிறகு கொடுத்த பணம் அது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

பலனும் தாமதமின்றிக் கிடைத்தது. மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன, தலைவர்கள் சிறைப்பட்டார்கள். 1934 ஜனவரியில் வந்த சட்டம் ஆலை உரிமையாளரைத் ‘தலைவர்’ என்றும் தொழிலாளர்களை அவரைப் ‘பின்தொடர்வோர்’ என்றும் பெயரிட்டது. கூலிக்காகச் சங்கம் பேரம் பேசும் வழி அடைபட்டது. பெரு வங்கிகளில் அரசிடம் இருந்த பங்குகள்கூட அடுத்த சில ஆண்டுகளில் தனியாருக்கு விற்கப்பட்டன. இதைச் சோசலிசம் என்று அழைப்பவர்கள் அந்தச் சொல்லையே காலி செய்கிறார்கள்.

ஆனால் அந்த உடைமை கீழ்ப்படிதல் இருக்கும்வரைதான். முழுவதும் உலோகத்தாலான விமானத்தை 1915இலேயே பறக்கவிட்ட ஹூகோ யுங்கர்ஸ், தேசத்துரோக வழக்கு என்ற மிரட்டலுக்கு ஆளாகி, 1933இல் தம் காப்புரிமைகளையும் பெரும்பான்மைப் பங்குகளையும் எழுதிக்கொடுக்க நேர்ந்தது. தாம் தொழில் வளர்த்த டெஸ்ஸாவ் நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட அவர், 1935இல், தமது 76ஆவது பிறந்தநாளன்று இறந்தார். தரம் குறைந்த உள்நாட்டு இரும்புத் தாதுவை உருக்குவது கட்டாது என்று எஃகு முதலாளிகள் தயங்கியபோது, கோரிங் 1937இல் தம் பெயரிலேயே அரசு ஆலையைத் தொடங்கினார்.

சொத்து யாருக்கு உரியது என்பதை இறுதியில் தீர்மானித்தது பிறப்புதான். 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளை அடித்து நொறுக்கிய பின், யூதர்கள் மீதே 100 கோடி மார்க் அபராதம் விதித்தார்கள். உடைந்த கண்ணாடிகளுக்கான காப்பீட்டுத் தொகையை அரசு எடுத்துக்கொண்டது. செப்பனிடும் செலவு அந்தக் கடைக்காரர்களின் தலையில் விழுந்தது.