பிறந்த தேதியை எப்படி மாற்றுவது?

போன மாதம் மகளுக்கு ஒரு போன். பதிவு எண், அப்பா பெயர், சாதிச் சான்றிதழ் எண் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "உங்களுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கும்மா, ஒரு கியூஆர் கோடு அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க" என்றிருக்கிறான். நல்லவேளை, வைத்துவிட்டாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மூன்றையும் நாங்கள் சேர்த்து எழுதிக் கொடுத்தது ஒரே இடத்தில்தான். அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் படிவத்தில்.

நேரில் போய்க் கேட்டேன். "எங்க பக்கம் ஒண்ணும் இல்ல சார், வேணும்னா போலீஸ்ல கொடுங்க" என்றார்கள். வெளியே வந்து டீ குடித்துவிட்டு, அன்று இரவே சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. தரவு கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். என்ன கசிந்தது, என்ன ஆபத்து, என்ன செய்துகொள்ளலாம் என்பது வரைக்கும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். படிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வருவது 2027 மே மாதத்தில்தான். அந்த அபராதமும் போய்ச் சேருவது இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு. பறிகொடுத்த பிள்ளைக்குப் பத்துப் பைசா கிடையாது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் நஷ்டஈடு கேட்க இப்போது வழி இருக்கிறது. 5 கோடி வரையிலான கோரிக்கையை மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே விசாரிப்பார். புதுச் சட்டம் முழுதாக வரும் அன்று அந்தப் பிரிவு நீங்கிவிடும். இருக்கிறவரைக்கும்கூட அது வணிகமோ தொழிலோ நடத்தும் நிறுவனங்களுக்குத்தான். அரசுப் பல்கலைக்கழகம் அதில் அடங்குமா என்பதற்கே தனியாக வழக்காட வேண்டும்.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 2018 கடைசியில் கணினி ஊடுருவல் நடந்தது. மூத்த ஊழியர் ஒருவருக்கு வந்த ஒரு மின்னஞ்சலில் தொடங்கியது. யாரும் எதையும் கிளிக் கூடச் செய்யவில்லை, முன்னோட்டம் பார்த்ததே போதுமானதாக இருந்தது. 2019 மே மாதம் கண்டுபிடித்தார்கள், ஜூனில் வெளியே சொன்னார்கள், அக்டோபரில் எப்படி ஏமாந்தோம் என்று முழு அறிக்கையே போட்டார்கள். மானம் போய்விடவில்லை. இங்கே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பக்கூட மனமில்லை.

சரி, வீட்டில் என்ன செய்தோம்? ஆதாரில் கைரேகையைப் பூட்டினோம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் மகள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தோம். சிபில் அறிக்கை வருடத்துக்கு ஒரு தடவை இலவசம். அதில் நாம் வாங்காத கடன் எதுவும் ஏறியிருக்கிறதா என்று பார்த்தோம். ஒருவேளை பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அடித்திருப்போம். வங்கிக்கும் மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். நம் தப்போ வங்கியின் தப்போ இல்லாமல் வேறு எங்கோ கசிந்து போன பணத்துக்கு, அப்படிச் சொன்னவர் மேல் பொறுப்பு இல்லை என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. மனைவி இந்த நாள் கணக்கை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. நம்ம ஊரில் பிளஸ் டூ ரிசல்ட் பார்ப்பதிலிருந்து பதிவு எண்ணும் பிறந்த தேதியும்தான் சாவி. மகளின் மாணவர் போர்ட்டலுக்கும் அதே பூட்டு. பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம். பிறந்த தேதி கசிந்தால்? சாவியையாவது மாற்றிப் பார்ப்போமே என்று உள்ளே போய்த் தேடினோம். கடவுச்சொல் மாற்றும் வசதியே அந்தத் தளத்தில் இல்லை.

பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பினேன். எது கசிந்தது, எப்போது, யாரிடம் புகார் கொடுத்தீர்கள், பிறந்த தேதியை எப்போது சாவியாக வைப்பதை நிறுத்துவீர்கள் என்று நாலு கேள்வி. முதல் மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்திலும் தனியாகக் கேட்டிருக்கிறேன். அதற்கு 30 நாள் கெடு. கடிதம் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வந்துவிட்டது. இன்றைக்கு 19ஆவது நாள்.